கிண்டியில் ஒரு பேச்சு, டெல்லியில் ஒரு பேச்சு: ஆய்வுக்கூடத்து நெல்லுக்கு எந்த உரிமை கேட்பது?

சென்னையில் உயிரித்தொழில்நுட்பம் செய்பவர்களுக்கு மற்ற ஊர்க்காரர்களுக்கு வாய்க்காத ஒரு வசதி உண்டு. காப்புரிமை அலுவலகம் கிண்டியில், ஜி.எஸ்.டி. சாலையில் இருக்கிறது. நாட்டின் உயிரியல் வளத்தை யார் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று கண்காணிக்கும் தேசிய பல்லுயிர் ஆணையத்தின் தலைமையகமே தரமணியில், டைசல் பயோ பார்க் கட்டடத்தில். தகராறு முற்றினால் உயர் நீதிமன்றத்தில் அறிவுசார் சொத்துரிமைக்கென்றே தனிப் பிரிவு. காலையில் புறப்பட்டால் மூன்று வாசலையும் பார்த்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். ஆனாலும் நான் பார்த்தவரை, சின்ன ஆய்வுக்கூடங்கள் இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பது ஆய்வு முடிந்து, கட்டுரை அச்சேறி, முதலீட்டாளர் ஒருவர் ‘பேட்டன்ட் இருக்கா?’ என்று கேட்ட பிறகுதான்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் முன் வேறு இரண்டு விஷயம் தெரிந்தாக வேண்டும். பொருளை எந்த முறையில் உருவாக்கினீர்கள்? அதன் மூலம் யாருடையது? இந்த இரண்டும் தெளிவானால் எந்த உரிமையைக் கேட்பது என்பது முக்கால்வாசி தானாகவே முடிவாகிவிடும்.

பேச வசதியாக இரண்டு பொருள்களை எடுத்துக்கொள்கிறேன். ஒன்று, உப்பு ஏறிய நிலத்தைத் தாங்கும்படி மரபணுத் திருத்தம் செய்த நெல். தாய் ரகம் வேதாரண்யம் பக்கம் தலைமுறையாக விதைக்கப்படும் நாட்டு நெல் என்று வையுங்கள். மற்றொன்று, பிச்சாவரம் அலையாத்திக் காட்டின் வேர்மண்ணில் பிரித்தெடுத்த ஒரு பாக்டீரியா, உயிர் உரமாக விற்கும் எண்ணத்தில். எந்தக் குறிப்பிட்ட ஆய்வுக்கூடத்தையும் சொல்லவில்லை. ஆனால் அலையாத்தி மரத்தின் உப்புத் தாங்கும் மரபணுக்களை நெல்லுக்குக் கொண்டுவரும் வேலையைத் தரமணியில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் எப்போதோ தொடங்கிவிட்டதால், இந்த ஊருக்குப் பழகிய விஷயம்தான்.

முதலில் முறை. வேறோர் உயிரினத்தின் மரபணுவை நெல்லுக்குள் வைத்தால் அது மரபணு மாற்றுப் பயிர். சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்த 1989-ஆம் ஆண்டு விதிகள் முழுசாகப் பொருந்தும். நிறுவனத்துக்குள் உயிரிப் பாதுகாப்புக் குழு, அதற்கு மேல் உயிரித்தொழில்நுட்பத் துறையின் ஆய்வுக் குழு, அதற்கும் மேல் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழு என்று படி ஏற வேண்டும். கடைசிப் படி ஏறினாலும் வயலில் இறங்குவோம் என்று உத்தரவாதம் கிடையாது. பூச்சியைக் கொல்லும் பாக்டீரியா மரபணு வைத்த பி.டி. கத்தரிக்காய் 2009 அக்டோபரில் அந்தக் குழுவைத் தாண்டியது. 2010 பிப்ரவரியில் அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் நிறுத்தி வைத்தார். அதில் நம் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் ரகங்களும் மாட்டிக்கொண்டன. மரபணு மாற்றுக் கடுகு டி.எம்.எச்-11க்கு 2022-இல் பரிந்துரை கிடைத்தது. 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றத்தில் இரண்டு நீதிபதிகளும் இரண்டு விதமாகத் தீர்ப்பு எழுதினார்கள். 2002-இல் வந்த பி.டி. பருத்திக்குப் பிறகு இந்த வழியில் எந்தப் பயிரும் முறைப்படி விவசாயி கைக்கு வந்து சேரவில்லை. அது சரியா தவறா என்பது தனிச் சண்டை. ஒரு மானியத்தை நம்பி ஓடும் சின்னக் குழு இந்தப் பாதையில் காலை வைக்கக் கூடாது என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை.

மரபணுத் திருத்தத்தின் கதை வேறு. 2022 மார்ச் 30 அன்று சுற்றுச்சூழல் அமைச்சகம் ஓர் அலுவலகக் குறிப்பாணை வெளியிட்டது. செடியின் சொந்த மரபணுவைக் குறித்த இடத்தில் வெட்டிச் சிறிது மாற்றும் எஸ்.டி.என்-1, எஸ்.டி.என்-2 வகைத் திருத்தம் செய்த செடியில் வெளி டி.என்.ஏ எதுவும் மிஞ்சவில்லை என்றால் 1989 விதிகளின் 7 முதல் 11 வரையிலான பகுதி பொருந்தாது என்றது. அந்த மே மாதமே உயிரித்தொழில்நுட்பத் துறை வழிகாட்டுதலை வெளியிட்டது. 2025 மே மாதம் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் இரண்டு திருத்திய நெல் ரகங்களை அறிவித்தது. அவற்றில் ஒன்றான ‘கமலா’, நம்மூரில் பி.பி.டி என்றும் ஆந்திரா பொன்னி என்றும் விற்கும் சம்பா மசூரியிலிருந்து வந்தது.

விலக்கு என்றதும் ‘அனுமதியே வேண்டாம்’ என்று எடுத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். கூடத்தில் நடப்பதைப் பாருங்கள். கத்தரிக்கோலாக வேலை செய்யும் கேஸ்-9 புரதத்தின் மரபணுவைப் பொதுவாக அக்ரோபாக்டீரியம் என்ற மண் பாக்டீரியா வழியாகத்தான் செல்லுக்குள் அனுப்புகிறோம். முதலில் முளைத்து வரும் செடிகளில் அந்த வெளி மரபணு உட்கார்ந்திருக்கும். அப்போது அது சட்டப்படி மரபணு மாற்றுச் செடிதான். தன் மகரந்தச் சேர்க்கையில் விதை எடுத்து, அடுத்த தலைமுறையில் நூற்றுக்கணக்கான நாற்றுகளின் இலையைக் கிள்ளி, பி.சி.ஆர். என்ற டி.என்.ஏ சோதனை ஓட்டி, திருத்தம் இருக்கிறது ஆனால் கத்தரிக்கோல் இல்லை என்ற செடியைப் பொறுக்கி எடுக்க வேண்டும். அந்த நாள் வரை பசுமைக்குடிலின் பூட்டு, பதிவேடு, கழிவை ஆட்டோகிளேவில் போட்டு நீராவியில் அவிப்பது எல்லாம் கட்டாயம். விலக்கு தொடங்குவது அதற்குப் பிறகுதான், அதுவும் உங்கள் நிறுவனக் குழு ஆதாரத்தோடு கையெழுத்துப் போட்டால். பதிவேட்டைப் பிறகு உட்கார்ந்து நிரப்பிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் இந்தத் தொழிலுக்கு வராமல் இருப்பது நல்லது.

இப்போது கிண்டிக்குப் போவோம். காப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 3(ஜே) செடியையும் அதன் எந்தப் பகுதியையும், விதையையும், ரகத்தையும் கண்டுபிடிப்பாகவே ஏற்பதில்லை. நுண்ணுயிருக்கு மட்டும் விலக்கு. அதனால் ‘எங்கள் நெல்லுக்குப் பேட்டன்ட்’ என்ற பேச்சே இங்கே கிடையாது. திருத்தும் முறை, அதற்குப் பயன்பட்ட மரபணுக் கட்டமைப்பு ஆகியவற்றைக் கேட்கலாம். அது எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு மான்சான்டோவும் நுஜிவீடு விதை நிறுவனமும் போட்ட சண்டையைப் பார்த்தால் போதும். 2018-இல் டெல்லி உயர் நீதிமன்ற அமர்வு, பி.டி. மரபணு வரிசைக்கான காப்புரிமை செல்லாது என்றது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து, சாட்சியம் கேட்டு முடிவு செய்யுங்கள் என்று திருப்பி அனுப்பியது. 2021-இல் இரு தரப்பும் சமாதானமாகிவிட்டார்கள். ஆக, விதைக்குள் உட்கார்ந்த மரபணுமீது காப்புரிமை எந்த எல்லைவரை நீளும் என்பதற்குக் கடைசித் தீர்ப்பு இன்னும் வரவில்லை. உலகிலேயே பெரிய விதை நிறுவனங்களில் ஒன்றுக்கே இந்தக் கதி. அதோடு முடிந்ததா? பருத்தி விதைக்கு 2015-இல் விலைக் கட்டுப்பாட்டு ஆணை வந்து, மரபணுவுக்கான கட்டணத்தையும் அரசே நிர்ணயிக்கத் தொடங்கியது. கையில் காப்புரிமை இருந்தும் விலை கையில் இல்லை.

எஸ்.டி.என்-1 நெல்லுக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. இதை யாரும் அதிகம் பேசுவதில்லை. டெல்லிக்கு அனுப்பும் பாதுகாப்புக் கோப்பில், ‘இது இயற்கையில் தானாக வரக்கூடிய மாற்றம் போன்றதுதான், வேறுபடுத்தவே முடியாது’ என்று எழுதுகிறோம். விலக்கின் அடிப்படையே அதுதான். அதே வாரம் கிண்டியில் தாக்கல் செய்யும் விண்ணப்பத்தில், ‘இது இயற்கையில் இல்லை, மனித மூளை உருவாக்கியது’ என்று எழுதுகிறோம். இல்லாவிட்டால் இயற்கையில் இருப்பதைக் கண்டறிந்ததாகச் சொல்லிப் பிரிவு 3(சி)யில் தள்ளிவிடுவார்கள். இரண்டும் தனித்தனியே உண்மையாக இருக்கலாம். ஆனால் காப்புரிமை விண்ணப்பம் பதினெட்டு மாதத்தில் பொதுவெளிக்கு வந்துவிடும். உரிமை வழங்கும் முன் யார் வேண்டுமானாலும் ஆட்சேபிக்கலாம். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் உங்கள் பாதுகாப்புக் கோப்பைப் பக்கத்தில் வைத்துப் படித்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். அதையும் தாண்டி உரிமை கிடைத்தாலும், அடுத்தவன் வயலில் நிற்கும் நெல்லில் இருப்பது உங்கள் திருத்தமா, தானாக வந்த மாற்றமா என்று நிரூபிக்க வேண்டியது நீங்கள். வேறுபடுத்தவே முடியாது என்று முன்பு எழுதிக் கொடுத்ததும் நீங்கள்.

கருவியும் உங்களுடையதல்ல. மரபணுவைத் திருத்தும் கிரிஸ்பர் கேஸ்-9 முறைக்கு இந்தியாவிலும் காப்புரிமை உண்டு. ஆய்வுக்குப் பயன்படுத்துவதைச் சட்டம் அனுமதிக்கிறது; விதை மூட்டையில் போட்டு விற்கும்போது உரிமம் கேட்பார்கள். வாடகை மிஷினில் தைத்த சட்டைக்கு லேபிள் ஒட்டி விற்பதற்கு முன் மிஷின்காரரிடம் பேசியாக வேண்டும் அல்லவா? அந்தப் பேச்சை ஆய்வு தொடங்கும்போதே தொடங்குங்கள். ‘கமலா’ அறிவிப்பு வந்தபோது எழுந்த எதிர்ப்பில் இந்தக் கேள்வியும் இருந்தது: இந்தத் தொழில்நுட்பத்தின் உரிமை யாரிடம்? நியாயமான கேள்வி.

அப்படியானால் பயிர் ரகப் பாதுகாப்பு? 2001-ஆம் ஆண்டு பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம் நெல்லை நெல்லாகவே பார்க்கிறது. புதிதாக, தனித்துவமாக, சீராக, நிலையாக இருந்தால் பதிவு கிடைக்கும். நெல்லுக்கு 15 ஆண்டு. விதையை உற்பத்தி செய்யவும் விற்கவும் உரிமை உங்களிடம். அதே நேரம் விவசாயி தன் விளைச்சலிலிருந்து விதை எடுத்து வைக்கலாம், விதைக்கலாம், பக்கத்து வயல்காரருக்குக் கொடுக்கலாம், விற்கவும் செய்யலாம். உங்கள் பெயர் போட்ட மூட்டையாக மட்டும் விற்கக் கூடாது. இன்னோர் ஆய்வாளர் உங்கள் ரகத்தை வைத்துப் புது ரகம் உருவாக்க முயலலாம். முதலீட்டாளர்கள் இதைக் கேட்டதும் முகம் சுளிப்பார்கள். எனக்கென்னவோ இந்தச் சட்டம் பிடிக்கும். நெல் தன் மகரந்தச் சேர்க்கைப் பயிர். அறுவடையே அடுத்த விதை. விவசாயி விதை எடுப்பதைத் தடுக்கும் உரிமையை எழுதி வாங்கினாலும் காவிரிப் படுகையில் அதை நடைமுறைப்படுத்த முடியாது. முடியாத உரிமைக்கு எதற்குச் செலவு?

அதற்கும் ஓர் உதாரணம் உண்டு. 2019-இல் பெப்சிகோ தன் எஃப்.எல் 2027 உருளைக்கிழங்கைப் பயிரிட்டதாகக் குஜராத் விவசாயிகள்மீது வழக்குப் போட்டது. நாடு கொந்தளித்ததும் வாபஸ் வாங்கியது. 2021 டிசம்பரில் பயிர் ரகப் பாதுகாப்பு ஆணையம் பதிவையே ரத்து செய்தது. 2024 ஜனவரியில் டெல்லி உயர் நீதிமன்ற அமர்வு அதைத் திரும்பக் கொடுத்தது. பதிவு மீண்டது, பெயர் மீண்டதா என்று அந்த ஊர் விவசாயியிடம்தான் கேட்க வேண்டும்.

இந்தச் சட்டத்தில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் படிக்க வேண்டிய இடங்கள் சில உண்டு. விதை அடுத்த தலைமுறையில் முளைக்காமல் போகச் செய்யும் தொழில்நுட்பம் இல்லை என்று பிரமாணப் பத்திரம் கொடுக்க வேண்டும். தாய் ரகம் எங்கிருந்து வந்தது என்று எழுத வேண்டும். ரகம் எப்படி விளையும் என்று நீங்கள் சொன்னபடி விளையாவிட்டால் விவசாயி இழப்பீடு கேட்கலாம். அதனால் உப்புத் தாங்கும் என்று துண்டறிக்கையில் அடிப்பதற்கு முன் எந்த அளவு உப்பை, எந்தப் பருவத்தில் என்று அளந்து எழுதுங்கள். நாற்றுப் பருவத்தில் தாங்கும் ரகம் பூக்கும் பருவத்திலும் தாங்கும் என்று சொல்ல முடியாது. இன்னொன்று, தனித்துவச் சோதனை பெரும்பாலும் இலை நிறம், கதிர் நீளம், மணி வடிவம் என்று கண்ணுக்குத் தெரியும் குணங்களைப் பார்ப்பது. ஒரே ஒரு மரபணுவைத் திருத்திய நெல் வெளியில் பார்க்கத் தாயைப் போலவே இருக்கும். உப்புத் தாங்கும் குணத்தைத் தனிச் சோதனையாகக் காட்ட முன்கூட்டியே தரவு சேர்க்காவிட்டால் அங்கேயே மாட்டிக்கொள்வீர்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம், இந்த நெல் ‘தாயிலிருந்து பெறப்பட்ட ரகம்’ என்ற வகைக்குள் வருவது. தாய் ரகம் விவசாயிகள் காத்து வந்ததென்றால், அதிலிருந்து பெறப்பட்ட ரகத்தை விற்க மற்றவருக்கு அனுமதி கொடுப்பதற்கு அவர்கள் சம்மதம் வேண்டும் என்று பிரிவு 43 சொல்கிறது. பலன் பகிர்வு கேட்கவும் வழி இருக்கிறது.

ரகசியமாக வைத்துக்கொள்ளும் வழியை நெல்லுக்கு யோசிக்கவே வேண்டாம். வீரிய ஒட்டு மக்காச்சோளத்தில் பெற்றோர் வரிசைகளைப் பூட்டி வைக்கலாம். நெல்லில் ஒரு மூட்டை வெளியே போனால் எல்லாமே போயிற்று.

யாருக்கும் பூட்டாமல் வெளியிடுவது நாலாவது வழி. 1986-இல் வெளிவந்த சம்பா மசூரிக்கு எந்த உரிமையும் இல்லை, அப்படி ஒரு சட்டமே அப்போது இல்லை. அது போகாத வீட்டுச் சமையலறை தென்னிந்தியாவில் குறைவு. அமெரிக்காவில் 2012-இல் தொடங்கிய திறந்த மூல விதை முயற்சி, ‘இதிலிருந்து உருவாக்கும் எதையும் பூட்ட மாட்டோம்’ என்ற வாக்குறுதியோடு விதை கொடுக்கிறது. பொதுப்பணத்தில் ஓடும் கல்லூரி ஆய்வுக்கூடத்துக்கு இதுவே முறை என்பேன். ஆனால் திறந்து விடுவதும் பதிவு செய்வதும் எதிரெதிர் அல்ல. ரகத்தைப் பதிவு செய்துவிட்டு மரபணுத் தகவலைக் கட்டுரையாக வெளியிடலாம்; பதிவை வைத்துக்கொண்டே விதை உற்பத்திக் குழுக்களுக்குக் கட்டணமில்லாமல் உரிமம் தரலாம். நம் நெல் குழு என் பேச்சைக் கேட்டால் இதைத்தான் செய்யும். காப்புரிமைக்கு வைத்திருக்கும் பணத்தை வேதாரண்யத்திலும் கடலூர்க் கரையிலும் வயல் சோதனைக்குப் போடும்.

பாக்டீரியாவுக்குக் கணக்கு தலைகீழ். நுண்ணுயிருக்குக் காப்புரிமை உண்டு. ஆனால் இயற்கையில் கிடைத்ததை அப்படியே கேட்டால் 3(சி) தடுக்கும். ஏதாவது மாற்றினால் கேட்கலாம். மாற்றினால்? 2022 விலக்கு செடிகளுக்கு மட்டும்தான். மரபணு மாற்றிய நுண்ணுயிர் 1989 விதிகளுக்குள் முழுசாக விழும், அதுவும் திறந்த வயலில் தெளிக்கும் பொருள். உரிமைக்காக மாற்றினால் பாதுகாப்புப் பாதை அடைபடும். பாதுகாப்புப் பாதை சுலபமாக இருக்கட்டும் என்று மாற்றாமல் விட்டால் உயிர்மீதான உரிமை கைநழுவும். அமைச்சகமும் காப்புரிமை அலுவலகமும் உட்கார்ந்து பேசி வைத்த பொறி அல்ல இது, பேசாததால் வந்தது.

நானாக இருந்தால் மாற்ற மாட்டேன். பாக்டீரியாவை விட்டுவிட்டு அதைச் சுற்றி இருப்பதைக் கேட்பேன்: அறை வெப்பத்தில் மாதக்கணக்கில் சாகாமல் வைத்திருக்கும் கலவை, விதையில் பூசும் முறை. வெறும் கலப்பு என்று பிரிவு 3(இ)யில் தள்ளாமல் இருக்க, தனித்தனியே கொடுத்ததைவிடச் சேர்த்துக் கொடுத்ததில் கூடுதல் பலன் என்று எண்ணில் காட்ட வேண்டும். பாக்டீரியாவைச் சண்டிகரிலோ புனேயிலோ உள்ள அங்கீகரிக்கப்பட்ட நுண்ணுயிர் வைப்பகத்தில் ஒப்படைத்து எண் வாங்க வேண்டும். பாக்டீரியாவை வளர்க்கும் நொதிக்கலனில் ஊட்டச்சத்தை எந்த நேரம் எவ்வளவு விடுவது என்பதை எழுதவே மாட்டேன்; பாக்கெட்டை வாங்கிப் பாக்டீரியாவைப் பிரித்தெடுக்கிறவருக்கும் அது கிடைக்காது. சின்ன நிறுவனத்துக்கும் கல்விக்கூடத்துக்கும் விண்ணப்பக் கட்டணம் இணையவழியில் 1,600 ரூபாய்தான். செலவு வழக்கறிஞருக்கும் தரவுக்கும். மாணவர் மாநாட்டுச் சுவரொட்டியில் எல்லாவற்றையும் போட்டுவிட்டு வந்து நின்றால் மட்டும் யாராலும் காப்பாற்ற முடியாது, நம் சட்டத்தில் அதற்கான சலுகை மிகக் குறுகலானது.

தரமணிக்கு இப்போதுதான் வருகிறேன், முதலில் போயிருக்க வேண்டிய இடம். காப்புரிமையின் முதல் படிவத்திலேயே ஒரு வரி இருக்கிறது: இந்தியாவிலிருந்து பெற்ற உயிரியல் பொருளைப் பயன்படுத்தியிருக்கிறோம், உரிய அமைப்பின் அனுமதியை உரிமை வழங்கும் முன் சமர்ப்பிப்போம் என்று. அவசரத்தில் அதைக் கோடிட்டு அடித்துவிடுகிறவர்கள் உண்டு. பிச்சாவரம் என்று விவரத்தில் எழுதிவிட்டு இதை அடித்தால் பரிசோதகர் முதல் அறிக்கையிலேயே பிடிப்பார். 2023-இல் திருத்தி 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பல்லுயிர்ச் சட்டப்படி, இந்திய நிறுவனம் உரிமை பெறும் முன் ஆணையத்தில் பதிவு செய்தால் போதும். ஒப்புதல் வாங்குவது வணிகத்துக்கு வரும்போது. வெளிநாட்டுக் கட்டுப்பாட்டில் உள்ள நிறுவனம் என்றால் முன்கூட்டியே ஒப்புதல். சிங்கப்பூர் முதலீட்டாளர் நிர்வாகத்தைக் கையில் எடுக்கும் அளவுக்குப் பங்கு கேட்டால், அன்றைக்கே உங்கள் வகை மாறிவிடும் என்பதை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் கணக்கில் வையுங்கள். பயிர் ரகப் பதிவுக்குப் பல்லுயிர்ச் சட்டத்தின் இந்த நிபந்தனை பொருந்தாது. நெல்லுக்கு நான் அந்தப் பக்கம் சாய்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

பொருந்தாது என்பதால் வேதாரண்யத்து விவசாயியிடம் கேட்காமல் இருந்துவிட முடியாது. சட்டம் சம்மதம் கேட்பது கடைசியில். கேட்க வேண்டியது விதை வாங்கும் அன்றே. தமிழில் ஒரு பக்கம் எழுதிக்கொண்டு போங்கள்: எந்த ரகம், அதில் மரபணுத் திருத்தம் செய்யப்போகிறோம், பதிவு செய்வோம், வருமானம் வந்தால் இவ்வளவு பங்கு, உங்கள் மூல ரகத்தை விதைக்கவும் விற்கவும் உங்களுக்கு எந்தத் தடையும் வராது. ‘திருத்தம்’ என்ற இடத்தை மழுப்பக் கூடாது. திருத்துறைப்பூண்டி நெல் திருவிழாவில் விதை வாங்கி, இரண்டு கிலோவை நான்காக்கித் திருப்பிக் கொடுக்கும் விவசாயி, தன் நெல்லைக் கூடத்தில் வெட்டுவதற்குச் சம்மதிக்காமல் போகலாம். அப்படி மறுத்தால் அந்த ரகத்தை விட்டுவிட்டுத் திருச்சியில் வெளியான டி.ஆர்.ஒய் 1 போன்ற பல்கலைக்கழக ரகத்துக்கு மாறிக்கொள்ளுங்கள். பல்கலைக்கழகத்தோடு ஒப்பந்தம் போட வேண்டியிருக்கும், ஒரு பருவம் தள்ளிப்போகும்.